ஆளுக்கொரு டேப்லெட்டா, வகுப்புக்கொரு ஸ்மார்ட் போர்டா, பொதுவில் ஒரு செட்டா?

பள்ளிக்கு என்ன கருவி வாங்கலாம் என்று முடிவெடுக்கும் கூட்டங்கள் இரண்டில் நான் உட்கார்ந்திருக்கிறேன். இரண்டும் ஒரே மாதிரிதான் போயின. முதல் பத்து நிமிடம் படிப்பைப் பற்றிப் பேச்சு. அப்புறம் திரை எத்தனை அங்குலம், வாரண்டி எத்தனை வருடம், மற்ற பள்ளிகளில் என்ன வாங்கியிருக்கிறார்கள் என்பதிலேயே பொழுது போய்விட்டது. கணக்கு ஆசிரியன் என்ற முறையில் என்னிடம் கேட்கப்பட்டது ஒரே ஒரு கேள்வி: "சார், உங்களுக்கு எது வசதி?" அது தவறான கேள்வி என்று அன்றைக்கு எனக்கும் உறைக்கவில்லை.

மேஜைக்கு வந்த வழிகள் மூன்று. ஒவ்வொரு மாணவர் கையிலும் ஒரு டேப்லெட் அல்லது லேப்டாப். ஒவ்வொரு வகுப்பறைச் சுவரிலும் ஒரு ஸ்மார்ட் போர்டு. அல்லது பள்ளிக்குப் பொதுவாக நாற்பது கருவிகள், வகுப்புகள் முறைவைத்துப் பயன்படுத்துவது. ஒன்றுமே வேண்டாம் என்ற நான்காவது வழியையும் சிலர் சொல்வார்கள். வருகைப் பதிவிலிருந்து மதிப்பெண் பட்டியல் வரை ஏற்கெனவே கணினிக்குள் போய்விட்ட பள்ளியில் அது முடிவை ஒரு வருடம் தள்ளிப்போடும், அவ்வளவுதான்.

மூன்றையும் ஒப்பிட ஒரு அளவுகோல் வேண்டும். என்னுடையது ஒரு நோட்டுப் பக்கத்திலிருந்து வந்தது.

ஒரு மாணவி 1/2 + 1/3 = 2/5 என்று எழுதியிருந்தாள். மேலே இருப்பதை மேலே இருப்பதோடு கூட்டினாள், கீழே இருப்பதைக் கீழே இருப்பதோடு கூட்டினாள். அதைக் கவனக்குறைவு என்று தள்ளிவிட முடியாது. அவளாகவே ஒரு விதியைக் கண்டுபிடித்து, அதை ஒழுங்காகக் கடைப்பிடித்திருக்கிறாள். அதே விதியில் அடுத்த ஒன்பது கணக்குகளையும் அழகாகப் போட்டு முடித்திருந்தாள். நாற்பது நோட்டுகள் கொண்ட கட்டு என் மேஜைக்கு வந்து, நான் திருத்தி, அவள் கைக்குத் திரும்பிப் போக நான்கு நாள் ஆனது. அதற்குள் வகுப்பு பின்னக் கழித்தலுக்குப் போய்விட்டது. பத்து சிவப்புப் பெருக்கல் குறிகளை அவள் ஒரு தடவை பார்த்தாள், பக்கத்தைத் திருப்பினாள்.

முதல் கணக்கு முடிந்த அந்த நிமிடத்திலேயே யாராவது, "அரையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் அரையைவிடக் குறைந்துவிடுமா? 2/5 அரையைவிடச் சின்னது இல்லையா?" என்று கேட்டிருந்தால் மீதி ஒன்பதும் வேறு மாதிரி போயிருக்கும். ஆகவே என் கேள்வி இதுதான்: பிழை நடந்த நிமிடத்துக்கும் அதைப் பற்றிய பேச்சுக்கும் நடுவில் இருக்கும் அந்த நான்கு நாளை எந்த வழி குறைக்கிறது? பாடத்தை அழகாகக் காட்டுவது, பள்ளியை நவீனமாகக் காட்டுவது எல்லாம் அதற்கு அப்புறம்.

காட்டும் கருவிகள் பள்ளிக்குப் புதிதல்ல. சினிமா வந்ததும் பள்ளிப் புத்தகங்களுக்கு இனி வேலையில்லை என்று 1913-லேயே எடிசன் பேட்டி கொடுத்தார். 1964-இல் பசிபிக் கடலில் உள்ள அமெரிக்கன் சமோவா தீவுகளில் வகுப்புகளைத் தொலைக்காட்சி வழியாகவே நடத்திப் பார்த்தார்கள். புத்தகமும் போகவில்லை, ஆசிரியரும் போகவில்லை. அதற்குச் சற்று முன்பு இன்னொரு பக்கம், 1950-களில், பி. எஃப். ஸ்கின்னர் என்ற உளவியலாளர் மரப்பெட்டி போல ஒரு கற்பிக்கும் இயந்திரம் செய்தார். மாணவர் விடை எழுதியதும் சரியா தவறா என்று உடனே காட்டும். பெட்டி பிரபலமாகவில்லை. ஆனால் அவர் கை வைத்த இடம் சரியான இடம்.

சுவரில் ஒரு பலகை

ஸ்மார்ட் போர்டைச் சீக்கிரம் பேசி முடித்துவிடலாம். அசையும் பொருளைக் காட்ட அதைப் போல வசதி இல்லை. இதய வால்வு எப்படித் திறந்து மூடுகிறது, நிலா ஏன் தேய்கிறது, ஒரு நேர்கோட்டின் சாய்வை மாற்றினால் கோடு எப்படிச் சாய்கிறது என்பதையெல்லாம் கரும்பலகையில் வரைந்து காட்ட முயன்று தோற்றவர்களில் நானும் ஒருவன். ஆனால் இதில் பெரும்பாலானவற்றை ஒரு சாதாரண புரொஜெக்டரும் வெள்ளைச் சுவருமே செய்துவிடும். தொடுதிரைக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணத்துக்கு என்ன கிடைக்கிறது? ஒரு மாணவர் எழுந்து வந்து விரலால் இழுக்கிறார். மீதி முப்பத்தொன்பது பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

2000-களில் பிரிட்டனில் பள்ளி பள்ளியாக இந்தப் பலகைகளை மாட்டினார்கள். லண்டன் பள்ளிகளில் நடந்த மதிப்பீடு 2007-இல் வெளியானது. மாணவர்களிடம் ஆரம்ப உற்சாகம் இருந்தது, மதிப்பெண்ணில் சொல்லிக்கொள்ளும்படி மாற்றம் இல்லை. எனக்கு இதில் ஆச்சரியமில்லை. பலகை மாறியது, 2/5 என்று எழுதிய பெண்ணின் நோட்டு அதே நான்கு நாள் என் மேஜையில்தான் கிடக்கிறது.

இன்னொன்றும் உண்டு, யாரும் அதிகம் பேசாதது. சாக்பீஸால் எழுதும் ஆசிரியரின் கை, நோட்டில் எழுதும் மாணவரின் கை வேகத்திலேயே போகும். ஒவ்வொரு வரிக்கும் நடுவில் யோசிக்க ஒரு இடைவெளி தானாகக் கிடைக்கும். தயார் செய்து வைத்த ஸ்லைடுக்கு அந்தப் பொறுமை கிடையாது. ஒரு தட்டு, முழுக் கணக்கும் விடையோடு திரையில். பாடத்தைச் சீக்கிரம் முடித்த திருப்தி எனக்கு இருந்தது. வகுப்புக்கு என்ன இருந்தது என்பது அடுத்த தேர்வில் தெரிந்தது.

ஆளுக்கு ஒன்று

விற்க வருபவர்களுக்கு மிகவும் பிடித்த வழி இதுதான். பெற்றோருக்கும் பிடிக்கும், குழந்தையின் கையில் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஒரு பொருள் இருக்கிறதல்லவா. உலகம் இதைப் பெரிய அளவில் ஏற்கெனவே சோதித்துப் பார்த்துவிட்டது.

அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகப் பேராசிரியர் நிக்கலஸ் நெக்ரோபான்டே 2005-இல் அறிவித்த, குழந்தைக்கு ஒரு லேப்டாப் என்ற திட்டத்தை மிகப் பெரிய அளவில் எடுத்துக்கொண்ட நாடு பெரு. எட்டு லட்சத்துக்கும் மேல் லேப்டாப்கள் வாங்கினார்கள். கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகள் 319-ஐ எடுத்துக்கொண்டு, குலுக்கல் முறையில் சிலவற்றுக்கு லேப்டாப் கொடுத்து, சிலவற்றுக்குக் கொடுக்காமல் ஆய்வாளர்கள் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2012-இல் வந்த முடிவு: சுமார் 15 மாதங்களுக்குப் பிறகு கணக்கிலும் மொழியிலும் இரண்டு பக்கத்துக்கும் வித்தியாசம் இல்லை. கருவி கைக்கு வந்தது, ஆனால் வகுப்பில் அதை வைத்து என்ன செய்வது என்பது தெளிவாகச் சொல்லப்படவில்லை. 2007-இல் தொடங்கி அரசுத் தொடக்கப் பள்ளிக் குழந்தைகள் எல்லோருக்கும் லேப்டாப் கொடுத்த உருகுவேயிலும், ஆரம்ப வருடங்களை ஆராய்ந்த ஒரு மதிப்பீடு கணக்கிலோ வாசிப்பிலோ முன்னேற்றம் காணவில்லை. லாஸ் ஏஞ்சல்ஸ் கதை வேறு ரகம். 2013-இல் அங்கே ஐபேட் கொடுக்க ஆரம்பித்தார்கள். சில நாட்களிலேயே மாணவர்கள் அதில் போட்டிருந்த இணையத் தடையை உடைத்து வேண்டிய தளங்களுக்குள் போய்விட்டார்கள். அடுத்த வருடமே ஒப்பந்தம் நின்றுபோனது.

கவனச் சிதறலை ஒழுக்கப் பிரச்சினையாக மட்டும் பார்ப்பது எனக்கு ஒப்பவில்லை. 2013-இல் கனடாவில் நடந்த ஒரு சோதனையில், விரிவுரையின்போது லேப்டாப்பில் வேறு வேலை பார்த்த கல்லூரி மாணவர்களின் மதிப்பெண் குறைந்தது. அவர்கள் திரை கண்ணில் படும்படி பின்னால் உட்கார்ந்து, காகிதத்தில் ஒழுங்காகக் குறிப்பெடுத்தவர்களின் மதிப்பெண்ணும் 17 சதவீதம் குறைந்தது. கவனிக்க வேண்டும் என்று வந்து உட்கார்ந்தவர்தான் அதிகம் இழந்தார். பல நாடுகளின் 15 வயது மாணவர்களுக்கு நடத்தும் பிசா தேர்வின் 2022 சுற்றோடு எடுத்த கருத்துக்கணிப்பிலும் இதே வாடை அடிக்கிறது: மற்றவர்கள் கருவி பயன்படுத்துவதால் சில கணக்கு வகுப்புகளிலாவது கவனம் சிதறுகிறது என்ற மாணவர்கள், அப்படி இல்லை என்றவர்களைவிட 15 புள்ளிகள் பின்னால் இருந்தார்கள். அதே கணக்கெடுப்பில், பள்ளியில் நாளுக்கு ஒரு மணி நேரம் வரை படிப்புக்காகக் கருவி பயன்படுத்தியவர்கள், துளியும் பயன்படுத்தாதவர்களைவிடக் கொஞ்சம் மேலே இருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். எது காரணம், எது விளைவு என்று அதிலிருந்து பிரிக்க முடியாது. ஆனாலும் அளவு என்ற ஒன்று இருக்கிறது என்று சொல்கிறது.

வாசிப்பு தனிக் கணக்கு. 2000 முதல் 2017 வரை வந்த 54 ஆய்வுகளை, ஒரு லட்சத்து எழுபதாயிரம் பேருக்கும் மேல் பங்கேற்றவை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்ததில், தகவல் சார்ந்த பாடங்களைத் திரையைவிடக் காகிதத்தில் படித்தவர்களுக்கே நன்றாகப் புரிந்திருந்தது. நேர நெருக்கடி இருந்தால் வித்தியாசம் கூடியது. கதைகளில் அப்படி ஒன்றும் தெரியவில்லை. திரைக்குப் பழகப் பழக இந்த இடைவெளி குறையும் என்றுதான் நானும் நினைத்தேன். வருடம் போகப் போக அது கூடியிருக்கிறது. பள்ளிகளில் திரைகளை வேகமாகக் கொண்டுவந்த ஸ்வீடன், 2023-இல் அச்சுப் புத்தகங்களுக்காகத் தனியாக நிதி ஒதுக்கித் திரும்பி நடக்க ஆரம்பித்ததற்கு இப்படிப்பட்ட காரணங்கள்தான்.

இது போக அன்றாடத் தொல்லைகள். ஓரளவு தெளிவான வீடியோவுக்கு ஒருவருக்கு வினாடிக்கு 2.5 மெகாபிட் இணைய வேகம் என்று வைத்தால்கூட, நாற்பது பேர் ஒரே நேரத்தில் பார்க்க ஒரு வகுப்புக்கு மட்டும் 100 மெகாபிட் வேண்டும். பத்து வகுப்புக்குக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். லித்தியம் பேட்டரி சில நூறு தடவை சார்ஜ் ஏற்றி இறக்கியதுமே தளர ஆரம்பிக்கும். வருடத்துக்கு 200 பள்ளி நாள் என்றால் மூன்றாம் வருடம் மதியத்துக்குள் பாதி வகுப்பு சுவரோரம் பிளக்கைத் தேடிக்கொண்டிருக்கும். நான் பார்த்த ஒரு வகுப்பில், "டீச்சர், சார்ஜ் இல்ல" என்பது "டீச்சர், நோட்டு கொண்டு வரல" என்பதன் இடத்தைப் பிடித்திருந்தது. முன்பெல்லாம் பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு தாள் கேட்டு வாங்கிவிடலாம்.

ஆனால் இந்த வழியை முழுக்கத் தள்ளிவிட மாட்டேன். பார்வை குறைந்த மாணவருக்கு எழுத்தைப் பெரிதாக்கித் தரும், வாசித்துக் காட்டும் கருவி நாள் முழுக்கக் கையில் இருந்தே ஆக வேண்டும். எழுத்துகள் குழம்பித் தெரியும் வாசிப்புக் குறைபாடு உள்ள மாணவருக்கும் அப்படித்தான். மேல் வகுப்புகளில் நிரல் எழுதுபவர்கள், ஒரே கட்டுரையை மூன்று தடவை திருத்தி எழுதுபவர்கள் ஆகியோருக்கும் சொந்தக் கருவி உதவும். 2020-இல் பள்ளிகள் மூடி உலகம் முழுக்க 150 கோடிக்கும் மேற்பட்ட மாணவர்கள் வீட்டில் உட்கார்ந்தபோது, கருவி இருந்த வீட்டுக்கும் இல்லாத வீட்டுக்கும் இருந்த தூரத்தை யாரும் மறக்கவில்லை.

பொதுவில் ஒரு செட்

கேட்க அவ்வளவு கவர்ச்சியாக இருக்காது. ஒரு அறை, நாற்பது கருவிகள், ஒவ்வொரு வகுப்புக்கும் வாரத்துக்கு இரண்டு மூன்று பீரியட். "பழைய கம்ப்யூட்டர் லேப்தானே?" என்று கேட்பார்கள். அறை பழையதுதான். உள்ளே நடக்கும் வேலை மாறிவிட்டது.

டெல்லியில் மைண்ட்ஸ்பார்க் என்ற பயிற்சி மென்பொருளை வைத்து நடந்த ஆய்வு 2019-இல் வெளிவந்தது. மொத்தம் 619 மாணவர்கள். குலுக்கலில் வாய்ப்புக் கிடைத்தவர்களுக்குப் பள்ளி நேரத்துக்கு வெளியே ஒரு மையத்தில் 90 நிமிடம். பாதி நேரம் கணினியில், மீதி நேரம் சிறு குழுவாக ஒரு உதவி ஆசிரியரோடு. நாலரை மாதத்தில் கணக்கிலும் இந்தியிலும், வாய்ப்புக் கிடைக்காதவர்களைத் தெளிவாகத் தாண்டிப் போனார்கள். இதில் எனக்குப் பிடித்த தகவல் வேறு. ஆறாம் வகுப்பில் இருந்தவர்கள் கணக்கில் சராசரியாக இரண்டரை வகுப்பு பின்தங்கியிருந்தார்கள். அதாவது ஆறாம் வகுப்புப் பாடத்தை எவ்வளவு அருமையாகத் திரையில் காட்டினாலும் அவர்களுக்குப் போய்ச் சேராது. மென்பொருள் ஒவ்வொருவரையும் சோதித்து, அவரவர் நின்ற படியிலிருந்து கேள்வி கேட்டது. நாற்பது பேரை வைத்துக்கொண்டு ஒரு ஆசிரியரால் இதைச் செய்ய முடியாது. நான் முயன்று பார்த்திருக்கிறேன்.

அங்கே கணினி எந்த மாணவருக்கும் சொந்தமில்லை, வீட்டுக்கும் போகவில்லை என்பதைக் கவனியுங்கள். பலன் கேள்வியிலும், அடுத்த பாதி நேரம் பக்கத்தில் உட்கார்ந்த மனிதரிடமும் இருந்திருக்கிறது. மென்பொருள் மட்டும் தனியாக எவ்வளவு செய்தது என்று அந்த ஆய்விலிருந்து பிரித்துச் சொல்ல முடியாது, ஏனென்றால் இரண்டும் சேர்ந்தே கொடுக்கப்பட்டன.

ஆனால் எந்த மென்பொருளாக இருந்தாலும் சரி என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு பையன் பயிற்சி செய்வதை அவன் தோளுக்குப் பின்னாலிருந்து பார்த்தேன். நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். முதல் விடையைத் தட்டினான், சிவப்பு. இரண்டாவது, சிவப்பு. மூன்றாவது, பச்சை. திரையில் காகிதப்பூ பறந்தது. அடுத்த கேள்வி. பதினைந்து நிமிடத்தில் முப்பது கேள்வி முடித்தான், அறிக்கையில் அவன் பெயருக்குப் பக்கத்தில் மூன்று நட்சத்திரம். கேள்வியை அவன் ஒரு தடவைகூட முழுசாக வாசித்த மாதிரி எனக்குத் தெரியவில்லை. பேனாவையும் காகிதத்தையும் பக்கத்தில் வைத்து, வழிமுறையை அதில் எழுதிவிட்டுத்தான் திரையைத் தொட வேண்டும் என்று சொன்ன பிறகு நட்சத்திரம் குறைந்தது, பிழை எங்கே என்று தெரிய ஆரம்பித்தது.

பொது அறைக்கே உரிய கோளாறுகளும் உண்டு. நான் வேலை பார்த்த ஓரிடத்தில் லேப் சாவி ஒரே ஒருவரிடம். அவர் விடுப்பு எடுத்தால் அன்றைக்குப் பூட்டுதான். லாகின் செய்யவே எட்டு நிமிடம் போகும், நாற்பது நிமிட பீரியடில் அது ஐந்தில் ஒரு பங்கு. பாஸ்வேர்டு மறந்தவர்களின் வரிசை தனி. மாணவருக்கு நிலையான இருக்கை எண், அட்டையில் எழுதிய பாஸ்வேர்டு, இரண்டாவது சாவி என்று மூன்றே ஏற்பாட்டில் அது இரண்டு நிமிடத்துக்கு வந்தது. மேஜைகளைச் சுவரோரம் போட்டு, திரைகள் எல்லாம் அறையின் நடுவைப் பார்க்கும்படி வைத்தால், நடுவில் நிற்கும் ஆசிரியருக்கு நாற்பதும் ஒரே பார்வையில் தெரியும். விலையுயர்ந்த கண்காணிப்பு மென்பொருள் செய்யும் வேலையை நாற்காலி செய்துவிடும்.

நடுவில் வந்து உட்கார்ந்த ஏஐ

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு இந்த ஒப்பீட்டில் ஒரு முடிச்சு கூடியிருக்கிறது. துருக்கியில் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் சுமார் ஆயிரம் பேரிடம் கணக்கில் ஒரு சோதனை நடந்தது. ஒரு குழுவுக்குக் கேட்டதைச் சொல்லிவிடும் சாதாரண ஏஐ. இன்னொரு குழுவுக்கு, விடையைச் சொல்லாமல் குறிப்பு மட்டும் தரும்படி ஆசிரியர்கள் உதவியோடு வடிவமைத்த ஏஐ. பயிற்சியின்போது முதல் குழு 48 சதவீதமும் இரண்டாம் குழு 127 சதவீதமும் அதிகம் சாதித்தன. பிறகு கருவியை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தார்கள். சாதாரண ஏஐ வைத்திருந்தவர்கள், ஏஐ-யையே பார்க்காதவர்களைவிட 17 சதவீதம் கீழே போனார்கள். குறிப்பு மட்டும் தந்த ஏஐ அந்தச் சேதத்தைச் செய்யவில்லை, ஆனால் பயிற்சியில் தெரிந்த அந்த 127 சதவீதப் பாய்ச்சலும் தேர்வில் இல்லை.

என் அளவுகோலுக்கு இது நல்ல பாடம். பிழைக்கு உடனே பதில் கிடைக்க வேண்டும் என்று சொன்னேன். உடனே கிடைக்க வேண்டியது விடை அல்ல, "அரையைவிடச் சின்னதாகிவிட்டதே?" என்ற கேள்வி. ஆளுக்கொரு கருவி வீட்டுக்குப் போகும்போது, அங்கே எந்த ஏஐ திறக்கிறது என்பது பள்ளியின் கையில் இல்லை. பொது அறையில் இருக்கிறது.

தரவு பற்றியும் ஒரு வார்த்தை. கொரோனா காலத்தில் 49 நாடுகளில் அரசுகள் பரிந்துரைத்த 160-க்கும் மேற்பட்ட கல்விச் செயலிகளையும் தளங்களையும் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்ற மனித உரிமை அமைப்பு 2022-இல் ஆராய்ந்தபோது, பத்தில் ஏறத்தாழ ஒன்பது, குழந்தைகளின் தகவல்களை அவர்களின் உரிமைக்கு ஆபத்தான விதத்தில் கையாண்டன அல்லது கையாள வழி வைத்திருந்தன. கூட்டத்தில் திரையின் அங்குலத்தைக் கேட்பவர்கள் இதையும் ஒரு தடவை கேட்கலாம்.

சரி, என் ஓட்டு எதற்கு? பொதுவில் ஒரு செட்டுக்கு. கூடவே, பள்ளிக்கு இரண்டு மூன்று சாதாரண புரொஜெக்டர்கள், தேவைப்படும் வகுப்புக்கு எடுத்துப் போக. வாசிப்பும் எழுத்தும் காகிதத்தில். பார்வை, கேட்பு, வாசிப்புச் சிரமம் உள்ள மாணவர்களுக்கு மட்டும் முதல் நாளிலிருந்தே சொந்தக் கருவி. அதைச் சலுகையாக நினைக்க வேண்டாம், கண்ணாடி போட்டுக்கொள்வது போலத்தான். மிச்சமாகும் பணத்தில் ஆசிரியர்களுக்கு வாரம் ஒரு பீரியட் விடுவித்து, மென்பொருள் தரும் பிழைப் பட்டியலைப் பார்த்து, அதே பிழை செய்த ஐந்தாறு பேரைச் சேர்த்து உட்காரவைத்துப் பேசச் சொல்வேன். இந்தக் கடைசி ஏற்பாடு இல்லாவிட்டால் செட் வாங்குவதையும் எதிர்த்தே ஓட்டுப் போடுவேன்.

மேல்நிலை வகுப்புகள் மட்டும் உள்ள பள்ளி, பொறுப்பான நெட்வொர்க் ஆள், வீட்டிலும் இணையம் என்று எல்லாம் கூடி வந்தால் ஆளுக்கொரு லேப்டாப்புக்குக் கை தூக்குவேன். சின்ன வகுப்புகளுக்குத் தூக்க மாட்டேன். ஒரு குறிப்பிட்ட பாடத்துக்கு ஆசிரியரே கிடைக்காத பள்ளியின் கணக்கும் வேறு. உருகுவே பின்னாளில் தன் இணைய வசதியை வைத்து, ஆங்கில ஆசிரியர் இல்லாத வகுப்பறைகளுக்குத் தூரத்திலிருந்து வீடியோ வழியாக ஆசிரியரைக் கொண்டுவந்தது. அங்கே சுவரில் ஒரு பெரிய திரைதான் முதல் தேவை.

எதை வாங்குவதாக இருந்தாலும், டெமோ காட்ட வருபவர் எல்லாக் கேள்விக்கும் சரியான விடையைப் போட்டுத்தான் காட்டுவார். பச்சை விளக்கு எரியும், காகிதப்பூ பறக்கும். அவரிடம் சாதனத்தை வாங்கி நீங்களே 1/2 + 1/3 என்ற இடத்தில் 2/5 என்று போடுங்கள். "தவறு, மீண்டும் முயற்சி செய்" என்று வருகிறதா, 5/6 என்று விடையை நீட்டுகிறதா, அல்லது ஒரு கோட்டில் பாதியையும் 2/5-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எது பெரியது என்று கேட்கிறதா என்று பாருங்கள்.